ராபின்சன் பூங்காவிலிருந்து கடல் வரை: ராயபுரத்தில் நடக்கத் தொடங்குபவர்களுக்கு

வடசென்னையில் ராயபுரத்துக்குக் குடிவந்த புதிதில் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "இங்கே வாக்கிங் போக எங்கே இடம் இருக்கு?" வாடகைக்கு வந்த குடும்பங்கள் கேட்பார்கள். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிக்க வந்த பிள்ளைகள் கேட்பார்கள். அதன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ துணையாக வந்து பத்து நாள், இருபது நாள் தங்குகிறவர்கள் கேட்பார்கள். கேட்டுவிட்டு அவர்களே பதிலும் சொல்லிக்கொள்வார்கள்: "மெரினாவுக்குத்தான் போகணும் போல."

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ராபின்சன் பூங்கா இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே போனால் கடல். நடுவில் இருப்பவை இந்த நகரத்தின் பழைய தெருக்கள். ஆனால் மெரினாவில் செய்வதுபோல பஸ்ஸை விட்டு இறங்கியதும் மணலில் கால் வைத்துவிட முடியாது. இது வேலை நடக்கிற கரை. படகும் ஐஸும் கன்டெய்னர் லாரியும் புழங்குகிற இடம். அதனால் பூங்காவை வீடு மாதிரி வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு பாதையாகக் கடல் பக்கம் நீட்டிக்கொண்டே போங்கள். நான் பன்னிரண்டு வருடமாக நடப்பது இப்படித்தான். புதிதாக வந்தவர்களை அழைத்துப் போவதும் இப்படித்தான்.

பூங்காவுக்கு வந்து சேர

அரசுப் பெயர் அறிஞர் அண்ணா பூங்கா. ஆனால் வழி கேட்கும்போது "ராபின்சன் பார்க்" என்று கேளுங்கள், சின்னப் பிள்ளையும் கை காட்டும். 1949 செப்டம்பர் 17 அன்று தி.மு.க. தொடங்கப்பட்டது, மறுநாள் 18-ஆம் தேதி அதன் முதல் பொதுக்கூட்டம் கொட்டுகிற மழையில் நடந்தது இந்தப் பூங்காவில்தான். அண்ணாவின் பெயர் இதற்கு வந்தது அதனால்தான். மழையில் நனைந்துகொண்டு தாத்தா கேட்டார், மாமா கேட்டார் என்று சொல்கிற வீடுகள் இந்தப் பகுதியில் இன்னும் இருக்கின்றன.

மெட்ரோவில் வருகிறவர்கள் நீல வழித்தடத்தில் வண்ணாரப்பேட்டை நிலையத்தில் இறங்கலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியை அடையாளமாக வைத்துக் கிழக்கே வந்து, ரயில் பாதைக்கு வடக்கே மாறிவிட்டால் ராயபுரம் தெருக்கள் தொடங்கிவிடும். நிதானமாக நடந்தால் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய ஆகும். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னும் பக்கம்.

வழி கேட்பது பற்றி ஒரு வார்த்தை. இங்கே யாரும் "வடக்கே போய் இடப்பக்கம் திரும்புங்கள்" என்று சொல்ல மாட்டார்கள். "அப்டிக்கா போய் இப்டிக்கா வளை" என்பார்கள், கையையும் காட்டுவார்கள். வார்த்தையைக் கேட்காதீர்கள், கையைப் பாருங்கள். கை எப்போதும் சரியாகத்தான் காட்டும். "அண்ணா", "அக்கா" என்று கூப்பிட்டுக் கேட்டால் பாதி தூரம் கூடவே வந்து விட்டுவிட்டுப் போகிற ஊர் இது.

திசை பிடிபடவும் ஒரு வழி சொல்கிறேன். காலையில் வெயில் முகத்தில் அடித்தால் கடலை நோக்கிப் போகிறீர்கள். முதுகில் அடித்தால் வண்ணாரப்பேட்டைப் பக்கம் போகிறீர்கள். ரயில் சத்தம் கேட்கிற பக்கம் தெற்கு. இந்த மூன்றும் மனதில் இருந்தால் எந்தச் சந்தில் நுழைந்தாலும் வெளியே வந்துவிடலாம்.

எந்த நேரம்

காலைதான். மே கடைசியிலும் ஜூனிலும் சென்னையில் 5.40-க்கெல்லாம் சூரியன் வந்துவிடும். ஜனவரி கடைசியில் ஆறரையைத் தாண்டும். அதற்கு ஒரு கால் மணி முன்பே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுங்கள். கோடையில் எட்டு மணிக்கு மேல் நடப்பது உடம்புக்கு நல்லதில்லை. கடல் பக்கத்தில் இருக்கிறதே, காற்று வருமே என்று நினைக்க வேண்டாம். விடியற்காலையில் தரையிலிருந்து கடலுக்குத்தான் காற்று வீசும். தரை நன்றாகச் சூடேறிய பிறகு, நண்பகலை ஒட்டித்தான் கடற்காற்று உள்ளே திரும்பும். அதனால் எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் நடுவில் இந்தத் தெருக்களில் புழுக்கம் தாங்காது.

மாலையில் வருவதாக இருந்தால் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். மாநகராட்சிப் பூங்காக்களை நடுப்பகலில் சாத்திவைக்கிற வழக்கம் உண்டு, மதியம் வந்து கேட்டில் நிற்காதீர்கள்.

கையில் ஒரு தண்ணீர் பாட்டில், சில்லறை, மடித்து வைத்த துணிப்பை ஒன்று. பை எதற்கு என்பது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் தெரியும். காலுக்கு, பூங்காவில் எந்த ஷூவானாலும் சரி. ஆனால் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற நாளில் நல்ல ஷூவை வீட்டில் விட்டுவிட்டு, பின்பக்கம் வார் உள்ள ரப்பர் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். சும்மா மாட்டுகிற செருப்பு அங்கே வழுக்கிவிடும்.

முதல் வாரம்: பூங்காவுக்குள் மட்டும்

பலர் முதல் நாளே உற்சாகத்தில் கடல் வரை போய்விட்டு, அடுத்த நான்கு நாள் கால் வலியில் படுத்துவிடுவார்கள். வேண்டாம். முதல் வாரம் பூங்காவை விட்டு வெளியே போகாதீர்கள்.

உள்ளே நுழைந்ததும் ஓரமாக நின்று கூட்டம் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று பாருங்கள். அதே பக்கமாகச் சேர்ந்துகொள்ளுங்கள். எதிர்த்து நடந்தால் ஒவ்வொரு ஆளுக்கும் ஒதுங்கி ஒதுங்கியே வேகம் போய்விடும். சுற்றை எண்ண வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள். முதல் இரண்டு நாள் பதினைந்து நிமிடம், மூன்றாம் நாள் இருபது, வாரக் கடைசியில் முப்பது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற கணக்கு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு. நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள் நடந்தால் அந்தக் கணக்கு சரியாக வந்துவிடும்.

வேகம் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்னதையே சொல்கிறேன். "பேச முடியணும் தம்பி, பாட முடியக்கூடாது. பாட முடியுதுன்னா மெதுவா போறன்னு அர்த்தம். பேசவே முடியலன்னா நிறுத்து." அவர் வாயைத் திறந்தே மூச்சு விடமாட்டார், மூக்கால்தான். கையை இடுப்புக்கு மேலே வீசமாட்டார். எழுபதைத் தாண்டியவர், அவர் பக்கத்தில் நடந்து நடந்துதான் எனக்கு நடையே படிந்தது.

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடக்கும்முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தாலோ, இடது கையோ தாடையோ இழுத்துப் பிடித்தாலோ "கேஸ்தான்" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, உடனே போய்விடுங்கள்.

ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. வார்டு வாசலிலேயே நாள் முழுக்க உட்கார்ந்தால் கால் வீங்கிவிடும், மனதும் சோர்ந்துவிடும். இன்னொருவரை அரை மணி உட்காரச் சொல்லிவிட்டு இந்தப் பூங்காவுக்கு வாருங்கள். போனைச் சத்தம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள், கூப்பிட்டால் ஓடிவிடலாம். குற்ற உணர்ச்சி வேண்டாம். உங்கள் உடம்பு நன்றாக இருந்தால்தானே நோயாளியைப் பார்த்துக்கொள்ள முடியும்?

இரண்டாம் வாரம்: மதிலை ஒட்டி வெளியே

உள்ளே இரண்டு சுற்று முடித்துவிட்டு வெளியே வாருங்கள். பூங்காவின் மதிலை உங்கள் வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு, அதைவிட்டு விலகாமல் சுற்றி வாருங்கள். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவீர்கள், தொலைய வழியில்லை. இது தெருவில் நடக்கப் பழகுவதற்காக மட்டும். டூவீலர் எந்தப் பக்கத்திலிருந்து வரும், எந்த மூலையில் நாய்கள் படுத்திருக்கும் என்று இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். நாய் குரைத்தால் ஓடாதீர்கள், நின்று, பிறகு மெதுவாக நடங்கள்.

மூன்றாம் வாரம்: கல்மண்டபம், மாதா கோயில் தெரு

பூங்காவிலிருந்து கிழக்கே, கல்மண்டபம் எங்கே என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். ராயபுரத்தின் நடுமையம் அது. காய்கறிக் கூடைகள் இறங்கிக்கொண்டிருக்கும், டீக்கடையில் முதல் பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கும். எல்லா வழியும் இங்கே வந்து சேர்ந்து பிரிவதால், இனி சொல்லப்போகிற பாதைகள் எல்லாவற்றுக்கும் இதையே அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து மேற்கு மாதா கோயில் தெருவுக்குப் போங்கள். அந்தத் தெருவில் பார்சிகளின் அக்னி கோயில் இருக்கிறது. 1910-இல் கட்டியது. தமிழ்நாட்டில் அவர்களுக்கு இருக்கிற ஒரே அக்னி கோயில். உள்ளே அணையாமல் நெருப்பு காக்கப்படுகிறது. பார்சிகள் அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, அதனால் கேட்டருகே நின்று காவலரைத் தொந்தரவு செய்யாமல் தெருவிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள். மீன் கூடையும் சைக்கிளும் போகிற இந்தத் தெருவில், நூறு வருடத்துக்கு மேலாக ஒரு சின்னச் சமூகம் தன் நெருப்பைக் காத்துவருகிறது. எத்தனை முறை கடந்தாலும் அந்த இடத்தில் என் நடை தானாகக் குறைகிறது.

அடுத்து புனித ராயப்பர் ஆலயம். பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ராயப்பர் என்பார்கள், ராயபுரம் என்ற பெயரே அவரிடமிருந்து வந்தது என்பதுதான் இங்கே எல்லாரும் சொல்வது. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கையும் ஆளையும் அலையைத் தாண்டிக் கரைசேர்த்தவர்கள் மசூலா படகுக்காரர்கள். கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த படகு அது. ஆணி அடித்தால் அலை மோதும்போது உடைந்துவிடும், தையல் படகு வளைந்துகொடுக்கும். அப்படிப்பட்ட படகுக்காரர்களின் கோயில் இது. காலைப் பூசை நேரமாக இருந்தால் பின்வரிசையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

திரும்பிப் போக, வந்த வழியையே பிடித்துக் கல்மண்டபம் வந்து பூங்கா. நின்று பார்க்கிற நேரத்தையும் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாலைக்கு: ராயபுரம் ரயில் நிலையம்

இது மாலை வெளிச்சத்தில் நன்றாக இருக்கும் பாதை. பூங்காவிலிருந்து தெற்கே, தண்டவாளத்தின் பக்கமாக வாருங்கள். 1856 ஜூன் 28 அன்று திறந்த நிலையம் இது. தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் ஜூலை 1-ஆம் தேதி வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. இதற்கு முந்தி 1853-இல் பம்பாய்க்கும் தாணேவுக்கும் ரயில் ஓடிவிட்டது, ஆனால் அந்தப் பாதையின் முதல் நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. ஆகவே நாட்டில் நிற்கிற மிகப் பழைய நிலையக் கட்டடம் நம் ராயபுரத்தில் இருப்பதுதான். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எழும்பூரும் சென்ட்ரலும் வருவதற்கு முன்னால் மெட்ராஸின் வாசல் இதுதான்.

உயரமான தூண்கள் வரிசையாக நிற்கும் முகப்பைத் தள்ளி நின்று பாருங்கள். நடைமேடைக்குள் போவதானால் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் எடுத்ததும் எடுத்தீர்கள், அப்படியே மின்சார ரயிலில் ஏறி அடுத்த நிலையமான கடற்கரையில் இறங்கிவிடலாம். எதிரே பர்மா பஜார் பக்கம் அத்தோ கடைகள் இருக்கும். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. மஞ்சள் நிற நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், நொறுக்கிய தட்டை எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள், கூட ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்பும் வரும். நடந்த உடம்புக்கு அந்தச் சூடு இதமாக இருக்கும்.

நான்காம் வாரம்: காசிமேடு

இத்தனை நாள் பழகியது இதற்காகத்தான். பூங்காவிலிருந்து கல்மண்டபம், அங்கிருந்து சூரியநாராயண செட்டித் தெருவைப் பிடித்து வடக்கே. போக அரை மணி, வர அரை மணி, அங்கே அரை மணி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். நகரமே மீன் வாங்க வந்திருக்கும், நடக்க இடமிருக்காது. செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். துறைமுகத்துக்கும் தெருவுக்கும் நடுவே எண்ணூர் விரைவுச் சாலை போகிறது. கன்டெய்னர் லாரிகளின் சாலை அது. நின்றுகொண்டிருக்கிற லாரிகளுக்கு நடுவே புகுந்து கடக்கவே கூடாது. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிற டிரைவருக்கு முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியமாட்டார். சிக்னல் இருக்கிற இடத்துக்கோ, மீன்காரப் பெண்கள் கூட்டமாகக் கடக்கிற இடத்துக்கோ போய் அவர்களோடு சேர்ந்து கடந்துவிடுங்கள். தினமும் தலையில் கூடையோடு கடக்கிறவர்கள், அவர்களுக்குத் தெரியாத கணக்கா? இந்தச் சாலையின் ஓரமாக உடற்பயிற்சிக்கு நடப்பதும் வேண்டாம். தூசியும் டீசல் புகையும்தான் மிஞ்சும்.

உள்ளே போனதும் முதலில் மூக்குக்குக் கொஞ்ச நேரம் கொடுங்கள். ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். விடியலுக்கு முன்பே ஏலம் தொடங்கியிருக்கும். தரையில் கூறு கூறாக மீன் கொட்டியிருக்க, ஏலம் போடுகிறவர் தொகையைச் சொல்லிக்கொண்டே போவார். சுற்றி நிற்பவர்களில் ஒருவர் தலையை லேசாக அசைத்திருப்பார், நமக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அந்தக் கூறு விற்றாயிற்று. நீங்கள் நிற்க வேண்டிய இடம் தூண் ஓரம். கூடையும் ஐஸ் பெட்டியும் இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் "ஓரம், ஓரம்" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருவார்கள். அவர்கள் வேகத்தில் நிறுத்த முடியாது, நாம்தான் ஒதுங்க வேண்டும். கருங்கல் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். பாதத்தை முழுதாக ஊன்றி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.

படம் எடுக்க ஆசை வரும். கேட்டுவிட்டு எடுங்கள். "அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள். கேட்காமல் முகத்துக்கு நேரே போனை நீட்டுவது, வேலை செய்கிற மனிதருக்கு நாம் செய்கிற அவமரியாதை.

ஏலக் கூடத்தைத் தாண்டிப் படகுகள் கட்டியிருக்கிற பக்கம் போனால் கொஞ்சம் அமைதி கிடைக்கும். கிழிந்த வலையைப் பொத்துகிறவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரை நான் வெகுநேரம் பார்த்திருக்கிறேன். பச்சை நைலான் வலையின் ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, நூல் சுற்றிய ஊசியை ஒரு கண்ணிக்குள் விட்டு வாங்கி, விரலால் முடிச்சை இறுக்கி, அடுத்த கண்ணிக்குப் போவார். ஊசியைப் பார்ப்பதே இல்லை, கண் தூரத்துப் படகில் இருக்கும். விரலே அளவு தெரிந்து நிற்கும். எத்தனை கண்ணி கிழிந்திருக்கிறது என்று கேட்டேன். "எண்ணினா வேலை ஓடாது கண்ணு" என்றார்.

மீன் வாங்குவதானால் ஏலத்தில் இல்லை, வெளியே சில்லறையாக விற்கும் அக்காக்களிடம் வாங்குங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டும், கண் குழியாமல் தெளிவாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் பள்ளம் நிற்காமல் எழும்ப வேண்டும். வஞ்சிரமும் வவ்வாலும்தான் மீன் என்று நினைக்காதீர்கள். சங்கரா, நெத்திலி, காரப்பொடி, கானாங்கத்தை எல்லாம் விலை குறைவு, குழம்புக்கு அருமை. வெட்டித் தருவதற்குத் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள், தனிக் கூலி. அரிவாள்மனையில் காலை மடக்கி உட்கார்ந்து ஒரு சங்கராவைச் செதில் நீக்கி, வயிறு கீறி, துண்டு போட்டு முடிப்பதற்குள் நாம் சில்லறையைத் தேடி முடித்திருக்க மாட்டோம். அந்தக் கைகளில் முழங்கை வரை செதில்கள் ஒட்டி வெள்ளியாக மின்னும். கூலியில் பேரம் பேசாதீர்கள், தயவுசெய்து. மடித்து எடுத்துவந்த துணிப்பை இப்போது உதவும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கடலைப் பார்க்கும்போது

இத்தனை பக்கத்தில் கடல் இருந்தும் மணல் ஏன் இல்லை, ஏன் கரை முழுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். காரணம் தெற்கே தெரிகிற சென்னைத் துறைமுகம். நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு போகும். 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவரை நீட்டத் தொடங்கினார்கள். வடக்கே வரவேண்டிய மணல் அந்தச் சுவருக்குத் தெற்கே நின்றுவிட்டது. மெரினா அகன்றுகொண்டே போனது அப்படித்தான். இந்தப் பக்கம் மணல் வரத்து நின்றதால் கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வரை மீனவக் குடும்பங்கள் வீட்டையும் தெருவையும் கடலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த அரிப்பைத் தடுக்கத்தான் கல் கொட்டினார்கள், கடலுக்குள் கல் சுவர்களாகத் தூண்டில் வளைவுகள் போட்டார்கள். மெரினா மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறவர்கள் அதில் ஒரு பங்கு வடசென்னையின் மணல் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

அந்தக் கற்கள் மேல் ஏறாதீர்கள். பாசி படிந்தவை, நடுவில் ஆழமான இடுக்குகள் உண்டு. கடலில் இறங்கவும் வேண்டாம். சாலை ஓரத்து மேட்டிலிருந்தே சூரியன் எழுவது முழுதாகத் தெரியும்.

இன்னொரு சின்னப் பாதை

கடல் பக்கம் போக முடியாத நாளில், ரயில் பாதைக்குத் தெற்கே, பழைய ஜெயில் சாலைப் பக்கம் போகலாம். போகும் வழியில் இருக்கிற ஸ்டான்லிக்குப் பழைய ஆட்கள் சொல்லும் பெயர் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. 1782 பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது என்பதால் அந்தப் பெயர். அதைத் தாண்டினால் மாடிப்பூங்கா. ஹைதர் அலியின் படைகள் வந்து போன பிறகு, 1770-ஐ ஒட்டிய வருடங்களில் ஆங்கிலேயர் நகரைச் சுற்றி எழுப்பிய மதிலில் மிஞ்சிய ஒரு துண்டின் மேலே அமைத்த பூங்கா. வால்டாக்ஸ் சாலைக்குப் பெயர் வந்ததும் இந்த மதிலுக்காகப் போட நினைத்த வரியால்தான். மழைக்காலத்தில் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நிற்கும், இந்தப் பாதையை அப்போது விட்டுவிடுங்கள்.

காலம் பார்த்து

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடல் சீற்றமாக இருக்கும் நாட்களில் பூங்காவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரிதான் இந்த எல்லாப் பாதைகளுக்கும் நல்ல மாதங்கள். முதன்முதலாக வருகிறவர்கள் அப்போது தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் உடம்பு பழகிவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிடும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இலிருந்து 61. இந்த நாட்களில் காசிமேட்டுக்குப் போனால் ஏலக் கூட்டம் இருக்காது, சின்னப் படகுகளில் வருகிற மீன்தான். ஆனால் நடக்க இதைவிட வசதியான காலம் கிடையாது. படகுகளைக் கரையேற்றி அடிப்பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், எஞ்சினைப் பிரித்துப் போட்டு வேலை பார்ப்பார்கள். ஆட்கள் கொஞ்சம் ஓய்வாக இருப்பதால் நின்று பேசுவார்கள், கேட்டால் படகுக்குள் ஏற்றியும் காட்டுவார்கள்.

தடை முடிகிற இரவிலேயே படகுகள் கிளம்பிவிடும். ஆழ்கடலுக்குப் போனவை திரும்பிவரச் சில நாட்கள் ஆகும். அந்த வாரம் காலை நடைக்குக் காசிமேட்டுப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள், வழக்கத்தைவிடப் பெரிய பையாக ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.